அழைத்தது யார்?



தென்காசியிலும் குற்றாலத்திலும் உள்ள கடைகள், தங்கும் விடுதிகள், மரக்கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் என்று எங்கே நுழைந்தாலும் இன்று ஒரு கணினியாவது இருக்கிறது. அது மக்கர் செய்தால் சரிபார்க்க ஆள் நேரில் வருவது குறைந்துவிட்டது. போனில் ஒரு குரல், “எனிடெஸ்க் ஓப்பன் பண்ணுங்க, ஐடி நம்பர் சொல்லுங்க” என்கிறது. இந்தப் பக்கம் இருப்பவர் நம்பரைப் படிக்கிறார். சற்று நேரத்தில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்கிறது, நின்றுபோயிருந்த பிரிண்டர் ஓடத் தொடங்குகிறது. கணினி தெரியாத நண்பருக்கும் வாடிக்கையாளருக்கும் இப்படித் தொலைவிலிருந்து உதவும் ஏற்பாட்டை எப்படி அமைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இந்தக் கேள்வி எழுந்தவுடன் எந்த மென்பொருள் நல்லது, எது இலவசம் என்றுதான் பெரும்பாலோர் பேசத் தொடங்குகிறார்கள். அது இரண்டாவது கேள்வி. அந்தத் தொலைபேசி உரையாடலில் யார் யாரை அழைத்தார் என்பதே முதல் கேள்வி. உதவி செய்பவர் ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறார். நாளை ஒரு மோசடிக்காரன் அழைக்கும்போது அந்தப் பழக்கம் அவரைக் காப்பாற்றலாம், கவிழ்க்கவும் செய்யலாம். அது உதவுபவரின் பொறுப்பு என்பதுதான் நான் இங்கே நிறுவ விரும்புவது.

இதைப் பேசுவதற்குத் தென்காசி மிகப் பொருத்தமான இடம். பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் சிறிய அளவில் ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. வாடிக்கையாளர்களின் புகார்களை வாங்கி, வரிசைப்படுத்தி, தீர்க்கும்வரை பின்தொடர உதவும் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் தென்காசியில் உருவானது. தொலைவிலுள்ள கணினியின் திரையைப் பார்த்துச் சரிசெய்ய உதவும் ஜோஹோ அசிஸ்ட்டும் அதே நிறுவனத்தின் படைப்புதான். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாக ஆவதற்கு முன்பே, கடல் கடந்து இருப்பவர்களின் சிக்கலை இங்கிருந்தே தீர்க்கும் தொழில் இந்த மண்ணில் ஊன்றிவிட்டது. அந்தத் தொழிலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வாடிக்கையாளர் புகாரைப் பதிவு செய்கிறார். அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணைச் சொல்லித்தான் உதவியாளர் பேச்சைத் தொடங்குகிறார். திரையைப் பார்க்க அனுமதி கேட்கப்படுகிறது. எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற பதிவு எஞ்சுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் இந்த ஒழுங்கு, சில கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலத்தில் விடுதி நடத்துபவரின் மேசைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தொலை உதவிக்குத் தேவை இருக்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகன் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்துதான் அப்பாவின் கணினியைத் தொட முடியும். கடையநல்லூரிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களுக்கு அதுவும் இயலாது. போனிலேயே சொல்லிப் புரியவைப்பதோ இரு தரப்புக்கும் வேதனை. “கீழே இடது ஓரத்தில் நாலு கட்டம் போட்ட படம் இருக்கும், அதை அழுத்துங்க” என்று இவர் சொல்கிறார். விண்டோஸ் 11-இல் அது நடுவில் இருக்கிறது. “அப்படி எதுவும் இல்லையே” என்கிறார் அவர். பிரிண்டர் வேறொன்றுக்கு மாறிக்கொண்டது, கணக்கு மென்பொருளான டேலி திறக்கவில்லை, பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதம் புதிய கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது என்பவைதான் வழக்கமான கோளாறுகள். திரையைப் பார்க்க முடிந்தால் ஐந்து நிமிட வேலை. பார்க்க முடியாவிட்டால் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் உதவி கேட்டவர் தன்னை அறிவிலி என்று எண்ணிக் குன்றிப்போவார். அந்தக் குன்றல்தான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார்.

கருவிகள் பழையவை. கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் 1990-களில் விஎன்சி உருவானது. ஜெர்மனியில் 2005-இல் டீம்வியூவரும், 2014-இல் எனிடெஸ்க்கும் வந்தன. இவை பரவியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. நம் வீட்டு, கடை இணைய இணைப்புகளில் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும்படி இணைய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஆகவே வெளியிலிருந்து ஒருவர் நேராக உங்கள் கணினியைத் தேடி வர முடியாது. எனிடெஸ்க் போன்றவை இரு கணினிகளையும் நடுவிலுள்ள ஒரு சர்வரை நோக்கி வெளியே பேசவைத்து, அங்கே இரண்டையும் கோத்துவிடுகின்றன. அந்தக் கோர்வைக்கான அடையாளம்தான் நீங்கள் படித்துச் சொல்லும் எண். விண்டோஸிலேயே உள்ள ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்த, சிலர் ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவைக்கிறார்கள். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் அந்தக் கதவை இரவும் பகலும் தட்டிக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளிப்பட்ட ‘புளூகீப்’ என்ற ஓட்டை எவ்வளவு மோசமானது என்றால், ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

இனி என் வாதத்தின் முதல் சான்றுக்கு வருகிறேன். 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் செயலியின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. மோசடி எப்படி நடக்கிறது என்பதும் அதில் இருந்தது. யாரோ ஒருவர் அழைத்துச் செயலியை இறக்கச் சொல்கிறார். ஒன்பது இலக்க எண் ஒன்று தோன்றுகிறது. அதைச் சொல்லும்படி கேட்கிறார். பிறகு சில அனுமதிகளைக் கொடுக்கச் சொல்கிறார். கைப்பேசி அவர் வசமாகிறது, யூபிஐ வழியாகப் பணம் போகிறது. இந்த வரிசையை, நம் ஊரில் நேர்மையாகத் தொழில் செய்யும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் செய்யும் வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அழைப்பு, இறக்கம், எண், அனுமதி. ஒரு படிகூட மாறவில்லை. நூறு முறை நல்லவர் இதே வரிசையில் உதவியிருந்தால், நூற்றோராவது முறை கெட்டவன் இதே வரிசையில் வரும்போது சந்தேகப்பட வாடிக்கையாளருக்கு எந்தக் காரணமும் இல்லை. அவர் ஏமாந்ததைப் பேராசை என்றோ கவனக்குறைவு என்றோ சொல்வது அநியாயம். பழகிய வழியில் பழகியபடி நடந்தார், அவ்வளவுதான். பழக்கியவர் நாம்.

இது நம் ஊருக்கு மட்டுமான நோய் அல்ல, கணினி அறியாதவர்களுக்கு மட்டுமானதும் அல்ல. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவியாளர்கள் என்று நடித்து வெளிநாட்டினரை ஏமாற்றிய கால்சென்டர்களும் அதில் சிக்கின. புகார் கொடுத்தவை அந்த இரு நிறுவனங்களே. மறு ஆண்டு, 2024 மே மாதத்தில், மைக்ரோசாஃப்ட் இன்னோர் எச்சரிக்கை வெளியிட்டது. குற்றக் கும்பல் ஒன்று முதலில் ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியை ஆயிரக்கணக்கான குப்பைக் கடிதங்களால் நிரப்புகிறது. அவர் திணறிக்கொண்டிருக்கும்போது “உங்கள் அலுவலக ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், சரிசெய்து தருகிறோம்” என்று அழைக்கிறது. பிறகு விண்டோஸிலேயே உள்ள குயிக் அசிஸ்ட் என்ற உதவிக் கருவி வழியாக உள்ளே நுழைகிறது. கணினியோடு அன்றாடம் புழங்கும் அலுவலகப் பணியாளர்களையே வீழ்த்தும் தந்திரம் இது. வீழ்ந்தவர்களுக்குக் கருவியைப் பற்றிய அறிவு குறைவாக இருந்தது காரணமல்ல. தானாக வந்த அழைப்பை அவர்கள் ஏற்றார்கள் என்பதே எல்லா நிகழ்விலும் பொதுவாக இருக்கிறது.

ஆகவே ஒரே ஒரு விதி போதும் என்கிறேன். வந்த அழைப்பில் எண்ணைச் சொல்லக் கூடாது, தாமே அழைத்த அழைப்பில் மட்டும்தான் சொல்ல வேண்டும். பேசுபவர் நல்லவரா, குரல் தெரிந்த குரலா, அவர் சொல்வது நிஜமா என்று ஆராயும் வேலையை வாடிக்கையாளர் தலையில் இந்த விதி சுமத்துவதில்லை. பயந்துபோன மனிதரால் ஆராய முடியாது. போனை வைத்துவிட்டுத் திரும்ப அழைக்க முடியும். ஒருவரின் குரலைப் போலவே பேசவைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட காலத்தில், திரும்ப அழைப்பது முன்னைவிடப் பயனுள்ளது. ஆனால் விதியில் ஒரு பொத்தல் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் மக்களில் பலர் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, மோசடிக்காரர்கள் அங்கே பதித்துவைத்த போலி எண்ணைத் தாங்களாகவே அழைத்து ஏமாறுகிறார்கள். எனவே எந்த எண்ணை அழைப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். கணினியின் முகப்பில், திரைக்குக் கீழே, கொட்டை எழுத்தில் உதவுபவரின் பெயரும் எண்ணும் ஒட்டப்பட்டிருக்கட்டும். அதற்குக் கீழே “இந்த எண்ணை நாமே அழைத்தால் மட்டும்” என்று ஒரு வரி. ஓர் ஏற்பாட்டை அமைக்கும் நாளில் முதலில் செய்ய வேண்டியது இந்தத் தாளை ஒட்டுவது. மென்பொருளை நிறுவுவது அதற்குப் பிறகு.

இந்த விதியை வாடிக்கையாளரைவிடக் கடுமையாகக் கடைப்பிடிக்க வேண்டியவர் உதவுபவர். இங்கேதான் எதிர்ப்பு வருகிறது. “மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவத்துக்குக் கடைசி நாள். பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குற்றாலத்தில் சாரல் காலம் வந்துவிட்டால் விடுதிக்காரரின் நிலையும் இதுதான். வெள்ளிக்கிழமை மாலை வாசலில் வேன்கள் நிற்க, பில் போடும் கணினி திறக்கவில்லை என்றால் அவருக்குப் பொறுமை இருக்காது. ஆனால் அவசரமே மோசடிக்காரனின் மூலதனம். கணக்கு முடங்கப்போகிறது, மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், கைது வாரண்ட் வந்திருக்கிறது என்று அவன் செய்வதெல்லாம் அவசரத்தை உற்பத்தி செய்வதுதான். அவசரம் என்றால் விதி தளரும் என்று நாமே கற்றுக்கொடுத்துவிட்டால் அவனுக்கு வேறெதுவும் தேவையில்லை. திரும்ப அழைக்க அரை நிமிடம் ஆகும். பத்துப் பேருக்கு ஐந்து நிமிடம். 20-ஆம் தேதியன்றும் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கும் சர்வீஸ்காரரைத்தான் நான் தொழில் தெரிந்தவர் என்பேன்.

நடைமுறைக்கு வருவோம். எப்போதாவது ஒருமுறை உதவி தேவைப்படும் நண்பருக்கு விண்டோஸிலுள்ள குயிக் அசிஸ்ட்டே போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். உதவுபவர்தான் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டை உருவாக்க வேண்டும். உதவி பெறுபவர் அதைத் தன் கணினியில் அடிக்கிறார். பத்து நிமிடத்தில் அந்தக் குறியீடு செத்துவிடும். முதலில் திரையைப் பார்க்க மட்டுமே முடியும், மவுஸைப் பிடிக்க மறுபடி அனுமதி கேட்க வேண்டும். நிர்வாகியின் ஒப்புதல் கேட்டுக் கணினி இருளும் கட்டத்தில் உதவுபவரின் பக்கம் வழக்கமாக வெறும் கருப்புத் திரைதான் தெரியும். பல சர்வீஸ்காரர்கள் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அதுவே இந்தக் கருவியின் சிறப்பாகப் படுகிறது. கணினியின் அடித்தளத்தை மாற்றும் முடிவை, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் எடுக்க வேண்டும். இதே கருவியைத்தானே குற்றக் கும்பலும் பயன்படுத்தியது என்று நீங்கள் கேட்கலாம். ஆம், எண்ணைச் சொன்னாலும் அடித்தாலும், தாமே அழைத்த அழைப்பில் மட்டும் என்ற விதி எந்தக் கருவிக்கும் தேவைப்படுவது அதனால்தான். தொழிலாகச் செய்பவர்களுக்கு ஒரு சொல். டீம்வியூவர், எனிடெஸ்க் ஆகியவற்றின் இலவசப் பதிப்புகள் சொந்தப் பயன்பாட்டுக்கானவை. வாடிக்கையாளரிடம் காசு வாங்கிக்கொண்டு அவற்றில் வேலை பார்ப்பது உரிம மீறல், நடுவழியில் இணைப்பு அறுபடவும் செய்யும். உரிய கட்டணத்தைக் கட்டுங்கள், அதை உங்கள் கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிரந்தரக் கடவுச்சொல். வாடிக்கையாளர் அந்தப் பக்கம் இல்லாமலேயே உள்ளே போக வழி செய்யும் ஏற்பாடு இது. வசதியானது, நேரம் மிச்சம், அப்பாவுக்கு எண்ணைப் படிக்கும் சிரமம் இல்லை என்பார்கள். கண்பார்வை குன்றிய பெரியவருக்கும், இரவில் பூட்டிய கடைக்குள் ஓடும் டேலி சர்வருக்கும் இது வேண்டியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வாடிக்கையாளரின் நிரந்தரத் திறவுகோலை ஒருவர் தன் மடிக்கணினியில் வைத்திருக்கும்போது, அந்த மடிக்கணினி போனால் நாற்பது கடையும் போகும். இது வெறும் கற்பனைப் பயம் என்று யாரும் ஒதுக்க முடியாதபடி 2021 ஜூலையில் ஒன்று நடந்தது. கசேயா என்ற நிறுவனத்தின் தொலைமேலாண்மை மென்பொருளில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு ‘ரெவில்’ கும்பல் நுழைந்தது. அந்த மென்பொருளை வைத்துப் பிறருக்கு உதவிவந்த சில பத்து நிறுவனங்கள் வழியாக, அவற்றின் வாடிக்கையாளர்களான ஆயிரத்தைந்நூறு வணிகங்கள்வரை முடங்கின. பெரும்பாலானவை சிறு வணிகங்கள். ஸ்வீடனில் கூப் என்ற பல்பொருள் அங்காடிகள் பில் போட முடியாமல் நூற்றுக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்தக் கடைகளில் யாரும் எந்த எண்ணையும் யாரிடமும் சொல்லவில்லை. உதவுபவரிடம் எப்போதும் திறந்த வழி ஒன்று இருந்தது, அவ்வளவே. பெரிய நிறுவனங்களின் மென்பொருளை வாங்கினால் பாதுகாப்பு என்பதற்கும் அளவு உண்டு. எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களிலேயே ஊடுருவல் நடந்ததாக 2024 பிப்ரவரியில் அறிவித்து, தன் இணையதளக் கணக்குகளின் கடவுச்சொற்களை ரத்து செய்ய நேர்ந்தது. ரஸ்ட்டெஸ்க் போன்ற திறமூல மென்பொருளைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த சர்வரைப் புதுப்பித்துக் காக்கும் ஆள் யார் என்பதற்கு விடை இருந்தால் மட்டும். நிரந்தர வழி தவிர்க்க முடியாத இடத்தில் அதற்கென்று தனிக் கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு, குறிப்பிட்ட கணினியிலிருந்து மட்டும் நுழைய அனுமதி, எப்போது யார் நுழைந்தார் என்ற பதிவு ஆகியவை வேண்டும். வேலை முடிந்தால் அந்த வழியை அடைக்க வேண்டும்.

“பெற்ற அப்பாவிடம் அனுமதி கேட்டு ஒரு கணினியைத் திறக்க வேண்டுமா? குடும்பத்துக்குள் என்ன ஒழுங்கு?” என்று பலர் மனத்தில் ஓடுவதை அறிவேன். வேண்டும் என்றே சொல்கிறேன். பிள்ளை எப்போது வேண்டுமானாலும் திரையில் நுழையலாம் என்ற வீட்டில், மவுஸ் தானாக நகர்ந்தால் அப்பா பதறமாட்டார், பையன்தான் ஏதோ செய்கிறான் என்று நினைப்பார். பதற வேண்டிய நேரத்தில் பதறுவது ஒரு பாதுகாப்பு. அதை நாம் அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது. இன்னொன்றையும் யோசியுங்கள். கடையிலும் வீட்டிலும் கணினியில் உட்காருபவர் பெண்ணாக இருந்தால், முன்பின் தெரியாத ஆண் ஒருவர் எந்த நேரமும் தன் திரைக்குள் வரலாம், புகைப்படங்களைப் பார்க்கலாம் என்ற எண்ணமே அவரைக் கணினியிலிருந்து விலக்கிவிடும். உதவியின்போது அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எந்தக் கோப்பைத் திறக்கிறோம் என்பதை உதவுபவர் சொல்லிக்கொண்டே திறக்க வேண்டும், முடிந்ததும் இணைப்பை அவரே துண்டிக்க வேண்டும். துண்டிக்கும் பொத்தானை அழுத்துவது எப்படி என்பதை முதல் நாளே அவர் கையால் இரண்டு முறை செய்யவைத்துவிடுங்கள். வேறெதுவும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

விடுதிக் கணினியில் விருந்தினர்களின் ஆதார் நகல்கள் இருக்கின்றன. மருத்துவமனைக் கணினியில் நோயாளிகளின் விவரம் இருக்கிறது. உதவிக்கு வருபவருக்கு அவற்றில் எந்த வேலையும் இல்லை. எனினும் இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைப்படுத்துவது டிஜிட்டல் கையொப்பம். ஒப்பந்தப்புள்ளிக்கும் கம்பெனிக் கணக்குத் தாக்கலுக்கும் பயன்படும் அந்தச் சிறிய யுஎஸ்பி டோக்கனைக் கணினியில் செருகியபடியே விட்டுவிடுகிறார்கள். அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டியிருப்பதும் உண்டு. தொலைவிலிருந்து வருபவர் அந்த நேரத்தில் உங்கள் பெயரில் கையெழுத்திட முடியும். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தன் கையொப்பச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கடமையை அதன் உரிமையாளர்மீதே வைத்திருக்கிறது. இணைப்பு தொடங்குமுன் டோக்கனைப் பிடுங்கச் சொல்லுங்கள். கையெழுத்திட வேண்டிய கட்டம் வந்தால் மட்டும் செருகி, கடவுச்சொல்லை உரிமையாளரே அடிக்கட்டும்.

கைப்பேசியின் கட்டுப்பாட்டைத் தொலைவிலிருக்கும் ஒருவர் கையில் கொடுப்பதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்கமாட்டேன். பணமும் ஓடிபியும் ஒரே இடத்தில் இருக்கும் பொருள் அது. பல வங்கிச் செயலிகள் இத்தகைய தொலைக்கட்டுப்பாட்டுச் செயலி கைப்பேசியில் இருந்தாலே திறக்க மறுக்கின்றன, அது சரியான முடிவு. கைப்பேசியில் உதவி தேவையானால் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 2023 முதல் இருக்கும் திரைப் பகிர்வே போதும். அதில் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. அப்போதும் வங்கிச் செயலியைத் திறக்க வேண்டாம்.

இத்தனை ஆபத்து என்றால் இந்த வேலையே வேண்டாமே, நேரில் போய்ச் சரிசெய்துவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அருவியைக் காட்டுவேன். குற்றாலப் பேரருவியில் தண்ணீர் கூடினால் காவலர்கள் குளிக்கத் தடை போடுகிறார்கள். குறைந்ததும் எடுக்கிறார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஓர் இளம் உயிரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் அருவியை நிரந்தரமாக மூடு என்று யாரும் கேட்கவில்லை, கண்காணிப்பைக் கூட்டு என்றுதான் கேட்டார்கள். தொலை உதவியை நிறுத்திவிட்டால் முதலில் கைவிடப்படுபவர் காசு கொடுத்து ஆள் வைக்க முடியாத சிறு கடைக்காரரும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெரியவர்களும்தான். உதவி கிடைக்காதவர் சும்மா இருந்துவிடுவதில்லை, தெரியாத எண்ணைத் தேடி அழைக்கிறார். நம்பகமான உதவி பக்கத்தில் இருப்பதே மோசடிக்கு எதிரான முதல் தடுப்பு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகளோடு இருக்கும் கடைகளுக்கு இந்த உதவி முன்னைவிட அதிகமாகத் தேவைப்படும்.

பழுதுபார்ப்பவரின் வேலையை நம் சமூகம் மதிப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்த சிக்கல். புதிதாக நிறுவுவதற்குக் காசு கொடுப்பார்கள், இருப்பதைப் பார்த்துக்கொள்வதற்குக் கொடுக்க மனம் வராது. “ரெண்டு நிமிஷ வேலைதானே” என்று இலவசமாக வாங்கப்படும் உதவி அவசர உதவியாகத்தான் இருக்கும். அந்த அவசரத்தில்தான் நிரந்தரக் கடவுச்சொற்கள் பிறக்கின்றன. ஆனால் தென்காசிக் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியனின் பெயரில் ஒரு கல்வெட்டுப் பாடல் இருக்கிறது. பிற்காலத்தில் இந்த ஆலயத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரைப் பணிவதாக அரசன் அதில் சொல்கிறான். கட்டியவன், பின்னால் வந்து செப்பனிடுபவனை வணங்கிய ஊர் இது. மாதம் ஒரு சிறு தொகையை முறையாக வாங்கிக்கொண்டு, பதிவேடு வைத்து, அனுமதி கேட்டு, திரும்ப அழைக்கச் சொல்லி உதவும் தொழில் இந்த ஊரில் மரியாதையோடு நடக்க முடியும், நடக்க வேண்டும்.

இழப்பு நேர்ந்தபின் சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இரகசிய விவரங்களை அவரே கொடுத்ததுபோன்ற கவனக்குறைவு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரை போன பணம் முழுக்க அவர் தலையில்தான். எண்ணைச் சொல்லப் பழக்கிய சர்வீஸ்காரரை யாரும் கேட்கப்போவதில்லை. சட்டம் கேட்காத இடத்தில் நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்நியர் எவரேனும் உள்ளே வந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் முதலில் மோடத்தின் மின்சாரத்தை நிறுத்துங்கள், கைப்பேசியானால் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து 1930-ஐ அழையுங்கள், வங்கியை அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள், வேறொன்றில் மாற்றுங்கள். திரைக்குக் கீழே ஒட்டும் தாளில் 1930 என்பதற்கும் ஓர் இடம் வையுங்கள்.

பிறர் கணினியைத் தொலைவிலிருந்து பார்த்துவரும் அன்பர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள், தொழிலாகவோ உறவுக்காகவோ. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு உங்கள் எனிடெஸ்க்கிலோ டீம்வியூவரிலோ சேமித்துவைத்திருக்கும் முகவரிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் எத்தனை பேருக்கு, அவர்கள் அழைக்காமலேயே நீங்கள் உள்ளே போக முடியும் என்று எண்ணுங்கள். தேவையில்லாதவற்றை நீக்குங்கள். நீக்கிய ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள், “இனிமேல் நானே கூப்பிட்டு நம்பர் கேட்டாலும் கொடுக்காதீங்க, வைத்துவிட்டு நீங்க என்னைக் கூப்பிடுங்க” என்று.